இத்தா நாட்களில் அம்மா மாற்றிய ஓடுகள்

அத்தா மே இருபத்தெட்டாம் தேதி இறந்தார். சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில். அன்றைக்குக் கோடை மழை. ஓட்டுக் கூரை ஒழுகி, சுவர் வழியாக இறங்கிய தண்ணீர் இரும்பு மெயின் பெட்டிக்குள் போனது. அணைக்கப் போனவர் பெட்டியில் கை வைத்தார். வீட்டில் எர்த் கிடையாது. ஃபியூஸ் போகவில்லை. ஒரு மனிதனைக் கொல்லும் மின்சாரம் ஃபியூஸை உருக்கப் போதாது.

இது எனக்கு முன்பே தெரியும். நான் அவர்களுடைய ஒரே மகள். மின்பொறியாளர். கோயம்புத்தூரில் ஆலைகளுக்கு வயரிங் வடிவமைக்கிறேன். மூன்று வருடமாக ஒவ்வொரு பெருநாளுக்கும் வந்து, அடுத்த தடவை எர்த் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அம்மா இதை ஒரே ஒரு முறைதான் சொன்னாள். மூன்றாம் நாள், பெண்கள் எல்லாரும் எழுந்து போன பிறகு.

"ஊருல உள்ள மில்லுக்கெல்லாம் பாத்துப் பாத்துப் போட்ட, இஃப்பத்து. உங்கத்தா வீட்டுக்கு ஒனக்கு நேரமில்ல."

அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. 

அம்மாவின் பெயர் அஜீஸுன்னிசா. வயது அறுபத்தொன்று. திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு சந்துக்குள் பிறந்து வளர்ந்தவள். பத்தாம் வகுப்போடு நின்று, கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் உள்பாவாடை தைத்துக் கொடுத்தாள். தையல் மெஷின் கெட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட்டதே இல்லை. தரையில் துணி விரித்து, பிரித்துப் பரப்பிவிடுவாள். திரும்ப மாட்டிய பிறகு ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். மெஷின் ஓடும். யாரிடமும் எதையும் கேட்பது அவளுக்குப் பிடிக்காது. என்னிடம் கேட்பது அதைவிடப் பிடிக்காது.

அத்தா, வாஜித், தோல் கிடங்கில் தரம் பிரித்தவர். வேலையை விட்ட பிறகு, தன் பங்காக வந்த இந்த வீட்டுக்கும் இரண்டு ஏக்கர் தென்னைக்கும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான்கு வருடம் இருந்தார்கள்.

அத்தாவின் அண்ணன் முகமது பாரூக். எனக்குப் பெரியத்தா. டவுனில் தோல் வியாபாரம். ஒரே மகளை விட்டுவிட்டு இறந்தவரின் சொத்தில் பாதி மகளுக்கு, எட்டில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி அண்ணனுக்கு. மார்க்கத்தில் அப்படித்தான். அதில் யாருக்கும் தகராறு இல்லை. எதை யார் எடுப்பது என்பதில்தான் தகராறு.

அடக்கம் முடிந்த மறுநாளே பெரியத்தா ஆரம்பித்துவிட்டார். எல்லாவற்றையும் விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். அம்மா டவுனுக்கு வந்து அவருடைய வீட்டு மாடி அறையில் இருந்துகொள்ளட்டும் என்றார். என் தம்பியைக் கொன்ற வீடு, இனி ஆடு கட்டக்கூட ஆகாது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அம்மாவுக்கு அந்த மாடி அறை தெரியும். அவள் மாமியார் அங்கே ஆறு வருடம் கிடந்து செத்தார். கீழே இறங்குவதற்கு ஒவ்வொரு முறையும் மூத்த மருமகளிடம் கேட்க வேண்டும்.

அம்மா இத்தாவைக் காட்டி மறுத்தாள். கணவன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். அவசியமில்லாமல் வாசல் தாண்டக் கூடாது. அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. கணவனின் அண்ணனும் அந்நிய ஆண்தான். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கும் பெரியத்தா இதற்கு எதிராக என்ன பேச முடியும்? இத்தா முடிந்ததும் பள்ளிவாசல் ஜமாத்துப் பெரியவர்களோடு வருவதாகவும், அதுவரை அந்த வீடு நிற்கிறதா என்று பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு குடியிருக்க லாயக்கு என்று ஜமாத் கண்ணால் பார்த்துவிட்டால் தன்னை யாரும் கிளப்ப முடியாது. அம்மா அப்படித்தான் நினைத்தாள். பிறைக் கணக்கில் நூற்றிருபத்தெட்டு நாள் இருந்தது. கொத்தனார், தச்சர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் ஆண்கள். உள்ளே வர முடியாது. வந்தாலும் கூலிக்கு என்னிடம் கேட்கமாட்டாள். அதனால் அவளே ஆரம்பித்தாள்.

நான் சனி, ஞாயிறுகளில் வந்தேன். முதல் வாரம் வீட்டை முழுதாக அளந்து, எதற்குப் பிறகு எது என்று எண் போட்டு, வரைபடம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்தபோது அது எட்டாக மடிந்து மேசைக் காலுக்கு அடியில் இருந்தது. அந்த மேசைமேல் நின்றுதான் அம்மா கூரை வேலை செய்துகொண்டிருந்தாள்.

இத்தாவில் இருப்பவள் கூரைமேல் ஏற முடியாது. ஊர் பார்க்கும். அதனால் உள்ளேயிருந்தே செய்தாள். மேசைமேல் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் ஓட்டைக் குச்சியால் தூக்கிப் பிடித்து, உடைந்ததைச் சாய்த்து, ஓடு தாங்கும் இரண்டு ரீப்பர் சட்டங்களுக்கு நடுவில் கீழே இழுத்தாள். நல்ல ஓட்டை அதே வழியில் ஏற்றினாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு. ஓடுகள், ரெட்டியார்சத்திரம் பக்கம் இடித்த ஒரு வீட்டிலிருந்து வந்தவை. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பம்மாள் பேசி முடித்து, வண்டியில் ஏற்றி வந்தார்.

கருப்பம்மாள் பூந்தோட்டத்துக்காரி. காலையில் செவ்வந்தி எடுத்துவிட்டு வந்து அம்மாவுக்குக் கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுப்பார்.

"இத்தான்னா மூலைல உக்காந்து அழுவாகன்னு நெனச்சேன். நீங்க என்னன்னா மேஸ்திரி வேலை பாக்கிறீக. கீழ விழுந்து வச்சிராதீகக்கா. ஒங்க கொழுந்தன்ட்ட நான் பதில் சொல்ல முடியாது."

"கொழுந்தன் இல்ல. மூத்தாரு" என்றாள் அம்மா. "ஓட்டைக் குடு."

சுவர் பூச்சுக்கு நான் சிமெண்ட் என்றேன். மண் சாந்தில் கட்டிய சுவரில் சிமெண்ட் ஒட்டாது, பொருக்காகப் பெயரும் என்று அம்மா சுண்ணாம்பு ஊறவைத்தாள். எனக்கு அது தெரியாது என்பதை அவள் ரசித்தாள். மணலைப் பழைய சேலையில் சலித்தாள். கையெல்லாம் வெந்துபோனது. ரப்பர் கையுறை வாங்கி வந்தேன். அதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டாள்.

வயரிங் முழுவதையும் நான் மாற்றினேன். அதில் அவள் தலையிடவில்லை. மெயின் பெட்டி இருந்த சுவர்ப் பக்கமே வரவில்லை. கசிவு வந்தால் தானே விழும் பிரேக்கர் வைத்தேன். கொல்லையில் நானும் கருப்பம்மாளும் எட்டடிக் குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடினோம். மீட்டரில் நான்கு ஓம் காட்டியது. நல்ல எர்த். மூன்று வருடத்துக்கு முன்பே இருந்திருக்க வேண்டியது.

ஆகஸ்டில் பெரியத்தாவுக்குச் செய்தி போய்விட்டது. வந்து, சாத்திய கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா உள்ளே நின்றாள். நடுவில் நான்.

"அஜீஸு, டவுனே சிரிக்குது. இத்தாவுல இருக்குறவ கொத்துக்கரண்டி புடிக்கிறாளாம்ல."

"கரண்டி புடிக்கக் கூடாதுன்னு மார்க்கத்துல எங்க இருக்குன்னு பள்ளிவாசல் ஹஸ்ரத்தக் கேட்டுச் சொல்லுங்க மச்சான். கீழ வச்சிருறேன்."

"எல்லாம் இடிக்கப்போற செவுரு. அதுக்குப் போயி சுண்ணாம்பு அடிக்கிற."

"இடிக்கிறவுகளுக்கு வெள்ளையா இருந்தா என்ன, கருப்பா இருந்தா என்ன?"

அவர் டீ குடிக்காமல் எழுந்து போனார்.

அக்டோபர் மூன்றாம் தேதி இத்தா முடிந்தது. நான்காம் தேதி ஜமாத்திலிருந்து செயலாளரும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். கூடவே பெரியத்தா. வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கூரையில் ஒரு பொத்தல்கூட வெளிச்சம் விடவில்லை. சமையலறையில் குழாய். கூடத்தில் காற்றாடி. பெரியவர்கள் அம்மாவைப் பாராட்டினார்கள். பெரியத்தா காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, டீயை முழுதாகக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"வீடு எனக்கு வேணும். அதுகளுக்குத் தோப்பைக் குடுத்துருங்க. அளவு கூடக் கொறைய இருந்தா பேசிக்கலாம்."

இது என் கணக்கில் வரவில்லை. அம்மாவின் கணக்கிலும் வரவில்லை. இடிந்த வீடாகவே விட்டிருந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். குடியிருக்க லாயக்காக ஆக்கி அவருக்குக் காட்டியது நாங்கள்தான். செயலாளர் தயங்கினார். கேட்பதற்கு அவருக்கும் உரிமை உண்டு என்றார்.

அம்மா அறையிலிருந்து வெளியே வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு, நான்கு மாதம் கழித்து முதல் முறையாக அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

"பங்குங்கிறது அவுக விட்டுட்டுப் போனதுலதான? நான் போட்டது யாரோடது?"

"நீ போட்டது ஒன்னோடதும்மா" என்றார் செயலாளர்.

"எடுத்துக்கட்டும்" என்று பெரியத்தா சிரித்தார். "ரெண்டு காத்தாடியும் நாலு பல்பும். எனக்கெதுக்கு?"

அவர்கள் வண்டி ரோட்டை எட்டும் முன்பே அம்மா மேசையைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்தாள். ஏற்றிய வழியிலேயே தான் போட்ட ஓடுகளை இறக்கினாள். ஏற்றும்போது ஏழெட்டு. இறக்கும்போது ஒரு நாளைக்கு நூறு. என்னைக் காற்றாடி, விளக்கு, சுவிட்ச், குழாய் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். பூச்சை மட்டும் விட்டாள். கடைசியில் மெயின் பெட்டி இருந்த சுவரைக் காட்டினாள்.

"அந்தப் பிரேக்கரையும் எர்த்து கம்பியையும் கழட்டு."

"மாட்டேன்."

"அவருக்கா வச்சுட்டுப் போற?"

"யாரு இருந்தாலும் இருக்கட்டும்."

"ஒங்கத்தாவுக்கு இல்லாதது அந்தாளுக்கு எதுக்குடி?"

 நான் கழற்றவில்லை. ஸ்க்ரூ டிரைவரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். நான் மெயினை அணைத்துவிட்டு விலகினேன்.  அவள் கை மேலே எழவில்லை. ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் போட்டுவிட்டு ஓடு இறக்கப் போனாள். அதோடு என்னிடம் பேச்சு நின்றது.

நான்காம் நாள் பெரியத்தா வந்தார். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிந்தது. மேற்கே மழை கட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப வச்சுக்கங்க மச்சான்" என்றாள் அம்மா, ஓடுகளை அடுக்கிக்கொண்டே.

 அவர் வெளியே போய்ச் செயலாளருக்குப் போன் செய்தார். வீட்டை ஒட்டின இடத்திலிருந்து ரோடு வரைக்கும் உள்ள தோப்பைத் தன் பங்காகக் கேட்டார். வீடு எங்களுக்கு. எழுதிக் கையெழுத்தானது.

ஓடுகளைத் திரும்ப ஏற்றினோம். பாதிகூட ஏறவில்லை, மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள். நாங்கள் பூசிய பூச்சு ஊறி, கூடத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பிட்டுப் பிட்டாக விழுந்தது. அம்மா அதைக் கூட்டி அள்ளினாள். 

மழை விட்டதும் பெரியத்தாவின் ஆட்கள் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி இழுத்தார்கள். சமையலறைக் கதவிலிருந்து இரண்டடி. அவருடைய எல்லை சரியாக அங்கேதான் வந்தது. டேப் வைத்துப் பார்த்தேன். ஓர் அங்குலம்கூட அவர் கூடுதலாக எடுக்கவில்லை. கதவைத் திறந்தால் கம்பி. தண்ணீர்க் குடத்தோடு திரும்பக்கூட முடியாது.

கருப்பம்மாள் கம்பியைப் பார்த்துக் காறித் துப்பினார். ஓர் இரவில் அறுத்துப் போட ஆள் சொல்லட்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றாள். கதவை நிலையோடு பெயர்த்து எடுத்து, அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாள். இரண்டு நாள் வேலை. பிறகு புது வாசல் உடைக்கக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனாள்.

"மேல தாங்குறதுக்கு நீளக் கல்லு ஏத்தாம உடைச்சா செவுரு இறங்கிரும்" என்றேன். மூன்று வாரமாக நான் சொன்ன எதற்கும் அவள் பதில் சொன்னதில்லை. கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எம்புட்டு நீளம் வேணும்?"

அளந்தேன். வாசல் மூன்றடி, இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் அடி சுவரில் உட்கார வேண்டும். நாலரை அடி என்றேன்.

அம்மா கருப்பம்மாளைக் கூப்பிட்டு, கல் பட்டறையில் அஞ்சடியாகக் கேட்டு வாங்கி வரச் சொன்னாள்.