வெட்டக் கொடுத்த காய்

பகடையை உருட்டுவதற்கு முன் பூங்கனி அக்கா அது கிடக்கும் குவளையை நகத்தால் இரண்டு முறை சுண்டுவார். சிரிஞ்சில் தங்கிய காற்றை மேலேற்ற நர்சுகள் சுண்டுவார்களே, அப்படி. சுண்டிவிட்டு உள்ளே ஒரு கணம் பார்ப்பார். பிறகுதான் கை கவிழும்.

பஹ்ரைனில் நர்சாக இருந்தபோது ஈராக்கியத் தோழிகளிடம் பழகிய ஆட்டம் அது. தவ்லா என்பார். ஆரல்வாய்மொழிக்குத் திரும்பும்போது பலகையும் கூட வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பாடும் ஆன பிறகு, எங்கள் பக்கத்து வீட்டுக் கார் செட்டில் அவரும் அவர் கணவர் ஜான்ரோஸ் அண்ணனும் ஆடுவார்கள். அண்ணன் காற்றாலை மெக்கானிக்.

காய்களைப் பலகையைச் சுற்றிக் கொண்டுவந்து, தன் பக்கத்துக் கடைசிக் கட்டங்களான வீட்டில் சேர்த்து, முதலில் வெளியே எடுப்பவருக்கு வெற்றி. தனியாக நிற்கும் காயை எதிராளி வெட்டலாம். வெட்டுப்பட்டது எதிராளியின் வீட்டில் நுழைந்து முதலிலிருந்து கிளம்ப வேண்டும். ஜோடியாக நிற்பதை வெட்டவும் முடியாது, அந்தக் கட்டத்தில் இறங்கவும் முடியாது.

பஹ்ரைன் தோழி நந்தனா வந்தால் அக்கா காய்களை இரண்டிரண்டாகவே நகர்த்துவார். அண்ணனோடு ஆடும்போது மட்டும், அண்ணனின் வீட்டுக் கட்டங்களுக்குள்ளேயே ஒன்றைத் தனியே விடுவார். அண்ணன் தாயம் ஆடி வளர்ந்தவர். தாயத்தில் வெட்டினால்தான் காய் பழமாகும், இன்னொரு ஆட்டமும் கிடைக்கும். அந்தக் கை தனிக்காயைக் கண்டால் நிற்காது.

"கண்ணு தெரியலியாட்டி ஒனக்கு?" என்று வெட்டுவார்.

"தெரியல்ல. நீங்க ஆடுங்க."

வெட்டுப்பட்ட அக்காவின் காய் அப்போதுதான் கிளம்பியது, நட்டம் சொற்பம். வெட்டப் போன அண்ணனின் காயோ ஊர் சுற்றி வீடு சேர்ந்தது. ஜோடியைப் பிரிந்து அது தனித்து நிற்கும். அக்கா திரும்பி வந்து அதை வெட்டுவார். ஒருவரின் பலவீனத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்திருப்பது அன்பா கணக்கா என்று எனக்கு விளங்கியதில்லை.

பஹ்ரைனின் பழைய ஆஸ்பத்திரி மறுபடி அழைத்தது. அக்காவுக்குப் போக ஆசை. அண்ணன் மறுத்தார்.

"பெண்டாட்டிய அனுப்பிட்டு இருந்து திங்கியான்னு நாலுபேரு கேப்பான்."

அக்கா வாதாடவில்லை. அடுத்த ஞாயிறு, அண்ணனின் தம்பி எட்சன் இருக்கும்போது பலகையை விரித்தார்.

"நான் ஜெயிச்சா போவேன். நீங்க ஜெயிச்சா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"பயமாக்கும் அண்ணே?" என்றான் எட்சன்.

"யாருக்குலே பயம்? போடுட்டி பகடைய!"

அன்று அண்ணனுக்குப் பகடை நன்றாக விழுந்தது. காய்களை வெளியே எடுக்கவே தொடங்கிவிட்டார். அவர் வீட்டுக்குள் அக்காவின் ஒரு காய் தனியாக நின்றது. தன் வீட்டின் எல்லாக் கட்டங்களையும் அக்கா ஜோடி ஜோடியாக அடைத்திருந்தார்.

"விட்டுரு அண்ணே, பேசாம வெளிய எடு," என்றான் எட்சன்.

அண்ணனின் விரல் தயங்கியது. பிறகு வெட்டியது.

அக்கா சுண்டினார், உருட்டினார். உள்ளே வந்த காய் அண்ணனின் தனிக்காயை வெட்டியது. அது திரும்ப நுழைய வழியே இல்லை; நுழையாமல் மற்றக் காய்களையும் நகர்த்த முடியாது. அண்ணன் வெறுமனே பகடை உருட்டிக்கொண்டிருக்க, அக்கா காய்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து முடித்தார்.

"செரி, போ," என்றார் அண்ணன், பலகையைப் பார்த்தபடியே.

டீக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம் தலை குனியாமல் சொன்னார்: "பந்தயத்துல தோத்துட்டேன் மக்கா. சொன்ன சொல்லு மாறப்பிடாதுல்லா."

அக்கா விமானமேறிச் சில மாதங்கள் கழித்து, நந்தனா என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னாள்: அந்த ஞாயிற்றுக்கு முன்பே அக்காவுக்கு விசா அடித்து வந்துவிட்டதாம்.