வளைவு வரைக்கும் போன நேர்ச்சை

மணப்பாட்டில் விஜிலாவுக்கு ஊர் வைத்த பெயர் வெள்ளிக்கிழமை விஜிலா. மகன் கப்பல் வேலைக்குப் போன வருஷம், அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று சிலுவைக்கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள். வெள்ளிதோறும் வெறுங்காலோடு குன்று ஏறி உச்சியில் மெழுகுதிரி ஏற்ற வேண்டும். ஆறு வருஷம் ஒரு வெள்ளி தவறவில்லை. ஊரார் சும்மா இருப்பார்களா? போகிறவள் நம் திரியையும் கொண்டுபோகட்டுமே என்று கொடுத்துவிட ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள், எல்லாருடைய திரியும் அவள் பையில்தான். பூசையில் அவளுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள்.

பாதை அழகானது, அதை மறுப்பதற்கில்லை. கால் புதையும் மணல் முடிந்து பாறை தொடங்கும். ஒருபக்கம் கடல் கீழே வந்து மோதும், மறுபக்கம் கழிமுகம் பச்சையாகக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் அடிக்கு ஒரு போட்டோ எடுப்பார்கள். பாதி ஏற்றத்தில் ஒரு வளைவு. அதைத் தாண்டினால் ஊரிலிருந்து ஆள் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முழங்கால் மடங்க மறுத்தது. அன்றைக்கு வளைவைத் தாண்டி ஒரு பாறையில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள், இறங்கிவிட்டாள். "ஏறிட்டு வந்துட்டியளா யக்கா?" என்று கேட்டவர்களிடம் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையை அப்புறம் நிறுத்த முடியவில்லை. கால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் கோபிக்கப் போகிறார்கள்? ஆனால் முன்வரிசை போய்விடுமே. வாங்கிய திரிகளை வீட்டுக்கே கொண்டுவந்து, கரண்ட் போகிற நேரத்தில் ஏற்றினாள். எங்கே எரிந்தாலும் ஆண்டவருக்குத்தானே என்று சமாதானம் வேறு. அந்த வெளிச்சத்தில் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. அப்படியும் அடுத்த வெள்ளி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முருகேஸ்வரி வந்தாள். உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருப்பவள். தை மாதம் கணவனுக்கு இருதய ஆபரேஷன் என்றபோது விஜிலாவைத் தேடிவந்து ஒரு திரி கொடுத்துப் போனவள். இப்போது கையில் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி.

"அவிய நல்லா நடக்காவ யக்கா. எனக்காவ நீங்க திரி ஏத்துன எடத்த ஒருதடவ கண்ணால பாக்கணும். வாங்க, சேந்து ஏறுவோம்."

மறுக்க வழியில்லை. வளைவுக்கு அப்பால் அடிக்கு அடி முழங்கால் குத்தியது. முருகேஸ்வரி கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். "வாராவாரம் இந்தக் காலோடயா ஏறுதிய?" என்று அவள் கண்கலங்கியபோது விஜிலாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

உச்சியில், தான் முன்பு திரி ஏற்றிய தென்சுவர் ஓரமாக விஜிலா அவளை அழைத்துப்போய், "இங்கனதான்" என்றாள். அங்கே டைல்ஸ் தரை பளபளத்தது. ஒரு சொட்டு மெழுகு இல்லை.

பெருக்கிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தான். "திரி ஏத்துத எடத்த அந்தப் பக்கம் மாத்தி ரெண்டு வருசம் ஆச்சே. நீங்க எந்நேரம் வாரியன்னே தெரியல விஜிலாக்கா, ஒங்கள மேல பாத்து வருசக்கணக்காச்சு" என்று வெகுளியாகச் சொல்லிவிட்டுப் பெருக்கப் போனான்.

முருகேஸ்வரி தரையைப் பார்த்தாள், பிறகு விஜிலாவைப் பார்த்தாள். கடைக்காரி, முகம் பார்த்தே ஆளை எடைபோடுகிறவள். அவள் கேட்குமுன்பே விஜிலா தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினாள், கரண்ட் போன கதை உட்பட. ஐம்பத்தைந்து வயதில் இப்படிக் கூனிக்குறுகி நிற்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

"எங்க வீட்டுக்காரரு பொழச்சிட்டாவ. அதனால நான் ஒங்கள ஒண்ணும் சொல்லல யக்கா" என்றாள் முருகேஸ்வரி. குரல் உயரவில்லை. "பொழைக்காம போனவிய வீட்டுல என்ன சொன்னிய?"

விஜிலாவின் பக்கத்து வீட்டு ஆக்னஸ், புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் ரெண்டு திரி கொடுத்திருந்தாள். அவனைச் சவப்பெட்டியில் வைத்தபிறகும் திரி ஏற்றினாயா என்றுதான் கேட்டாள். "ரெண்டயும் ஏத்துனேன் ஆக்னஸ், காத்துல அணையாம நின்னு எரிஞ்சிச்சி" என்று இதே வாய்தான் சொன்னது. அணையாமல் எரிந்ததாம் என்று ஆக்னஸ் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மனசைத் தேற்றிக்கொள்கிறாள்.

இறங்கியாக வேண்டும். ஆக்னஸ் வாசலைத் தாண்டாமல் விஜிலா தன் வீட்டுக்குப் போக வழியில்லை.