ஒரே படத்தில் இரண்டு காற்று

துபாயிலிருந்து வந்த என் மாமா கொடுத்த சிறிய மூவி கேமராவை வைத்துக்கொண்டு, ஒரு புத்தகத்தைப் பார்த்தே படமெடுக்கப் பழகியவன் நான். பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊர் மீனவர் அந்தோணி அண்ணன் பாய்மரப் படகில் போவதை இரண்டு நாட்கள் எடுத்து, ஒரே பயணம் போல வெட்டி ஒட்டினேன். வேறு வேறு நாளில் எடுத்த துண்டுகளைச் சேர்த்தாலும் யாருக்கும் தெரியாது என்று புத்தகம் சொன்னது.

மறுநாள் படத்தைச் சென்னையில் நடக்கும் குறும்படப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் அண்ணனுக்கும் அவர் மனைவி தெரேசா அக்காவுக்கும் வீட்டுச் சுவரில் போட்டுக் காட்டினேன். பாதியில் அக்கா அலறிவிட்டார்.

"ஐயோ! வாடைக் காத்துல போன படகு, அதுக்குள்ள தெக்கத்திக் காத்துல போவுதே! காத்து இப்டி சடார்னு திரும்பினா கவுந்துடுமே!"

"நான் இங்கதானே குந்திக்கினு கீறேன்" என்று அண்ணன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒட்டிய இடத்தில் பாய் மறுபக்கமாகப் புடைத்திருந்தது. பத்து முறை பார்த்தும் என் கண்ணில் படாதது, சினிமாவே அதிகம் பார்க்காத அக்காவுக்கு ஒரு நொடியில் பட்டுவிட்டது! அன்றே பிரித்து, அக்கா சொல்லச் சொல்ல, ஒரே காற்றில் எடுத்த துண்டுகளை மட்டும் சேர்த்து மாற்றி ஒட்டினேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு துண்டுக்கும் தேதியோடு காற்றையும் குறித்துவைக்கிறேன். புத்தகத்தில் 'யாருக்கும் தெரியாது' என்ற வரிக்குப் பக்கத்தில், 'தெரேசா அக்காவுக்குத் தெரியும்' என்று பேனாவால் எழுதியிருக்கிறேன்.