முதல் வரிசை அம்மாள்

பெரியகுளத்தில் எங்கள் திருச்சபையின் பெண்கள் சங்கத் தலைவி அவர், நகரசபை உறுப்பினரும்கூட. கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சேலை கட்டுவார். திருவிருந்துக்கு எப்போதும் முதல் ஆளாக முழங்காலிடுவார். எல்லோரும் திராட்சரசம் பருகும் ஒரே பாத்திரத்தில் அவருக்கு முன்னால் எந்த உதடும் பட்டுவிடக் கூடாது.

ஒரு ஞாயிறு, காலனியில் தெருக்குழாயைத் திறந்துவைத்து, மனிதரெல்லாம் ஒன்று என்று முழங்கிவிட்டுத் தாமதமாக வந்தார். தெருக் கூட்டும் பெண்ணுக்கு அடுத்த இடம்தான் மிச்சமிருந்தது. அவள் பருகிய பாத்திரம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“சளி பிடிச்சிருக்குய்யா, மத்தவுகளுக்குத் தொத்திரும்” என்றார் போதகரிடம்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, மனிதரெல்லாம் ஒன்று என்ற அதே பேச்சைக் கணீரென்று தொடர்ந்தார். அந்தப் பெண் கவலையோடு வந்தாள்.

“சளிக்குச் சுக்குக்காப்பி போட்டுக் கொண்டாரட்டுமாம்மா?”

“சளியா? யாருக்கு?” என்றார்.

பக்கத்தில் நின்ற எனக்குத்தான் இருமல் வந்தது.