ஊரே துணி துவைத்த ஞாயிறு

போன வாரம் கள்ளக்குறிச்சி மருந்துக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு தாய் மகனின் விரலிடுக்கைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, சிரங்குக்கு மருந்து கேட்டாள். உடனே எனக்குக் கை அரித்தது. சிரிக்காதீர்கள், இருபது வருஷப் பழக்கம்.

கல்வராயன் மலைப் பள்ளியில்தான் எனக்கு முதல் வேலை. ஒரே அறை, தரையில் பாய், முப்பது பிள்ளைகள். இரண்டாம் வகுப்பு செல்விக்கு விரலிடுக்கில் பொரிப்பொரியாகச் சிரங்கு கண்டது. மற்ற பெற்றோர் வந்து, "அந்தப் பொண்ண தனியா குந்த வைங்க டீச்சர்" என்றார்கள். நான் புதியவள், பயந்தவளும்கூட. கதவோரம் தனிச் சாக்கு போட்டேன். மறுநாளிலிருந்து செல்வி பாட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு மாதம் போனது. கணக்கு நடத்திக்கொண்டே கரும்பலகைச் சட்டத்தில் கையைத் தேய்த்திருக்கிறேன் போல. செல்வி பார்த்துவிட்டாள்.

"டீச்சர், உங்குளுக்கும் வந்துட்ச்சா?"

கையைப் புடவைத் தலைப்பில் மறைத்தேன்.

"பரவால்ல, இங்க வந்து எங்கூட குந்துங்க." சாக்கில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தாள்.

வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. போய் உட்கார்ந்தேன். அன்று பாடம் முழுக்க அங்கிருந்துதான்.

மறுநாளே சுகாதார நிலையத்துச் செவிலியரை அழைத்துவந்து பெற்றோரைக் கூட்டினேன்.

"ஒருத்தருக்கு மட்டும் பூசினா போவாதுங்க" என்றார் அவர். "வூட்ல எல்லாரும் ஒரே நாள்ல பூசிக்கணும். துணி, போர்வ எல்லாத்தையும் வெந்நீர்ல ஊற வெச்சி வெயில்ல போடணும்."

"எம் புள்ளைக்குத்தான் ஒண்ணுமில்லியே, இன்னாத்துக்கு?" என்றார் ஓர் அப்பா.

நான் கையை நீட்டினேன். "நானும் அப்பிடித்தாங்க நெனச்சிக்கினு இருந்தேன்."

கூட்டம் சிரித்துவிட்டது. முதலில் மருந்து வாங்கியதும் அந்த அப்பாதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊரே கழுத்துக்குக் கீழே வெள்ளை மருந்து பூசிக்கொண்டது. ஞாயிறு காலை குளித்த கையோடு, ஓடைக்கரையில் அடுப்பு மூட்டி அண்டா அண்டாவாக வெந்நீர். பாறை, வேலி, பலாக்கிளை எங்கும் துணி. முன்பே அலசி வைத்திருந்த அப்பாக்களின் சட்டைகளில், சட்டைக்கை முழங்காலைத் தொட, பிள்ளைகள் ஓடினார்கள். நடுவில் செல்வி, உரக்கப் பாடிக்கொண்டு. அவள் பக்கத்தில் நிற்க இரண்டு பேர் சண்டை போட்டார்கள். அரிப்பு முழுசாக அடங்கச் சில வாரம் ஆனது. சாக்கை மட்டும் திங்களன்றே சுருட்டிவிட்டேன்.

இப்போது அங்கே வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. பள்ளியில் பெஞ்சு, ஆளுக்கொரு துண்டு. எல்லாம் நல்லதுக்குத்தான். சென்ற மாதம் போனபோது ஓடைக்கரையில் ஒருவருமில்லை. அன்று அடுப்பு மூட்டிய இடத்தைத் தேடினேன். இடுப்பளவு புல் வளர்ந்து கிடந்தது.