வா மழையே

எங்கள் அப்பாவை மாதா கோயில் பங்குத் திருவிழாக் கவியரங்க மேடையில் ஏற்றியவர்கள் நன்றாக இருக்கட்டும். தலைப்பு, வாழ்க்கை ஒரு வட்டம். அப்போது நான் அம்பத்தூரில் ஆறாம் வகுப்பு. அம்மா அப்பாவிடம் கோபித்துக்கொண்டு காட்டுப்பாக்கத்தில் மாமா வீட்டுக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. திருவிழா நோட்டீஸை அப்பா மாமா போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நீல டிக் விழுந்தது, பதில் மட்டும் வரவில்லை.

அப்பா எழுதியது அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். ‘வா மழையே’ என்று ஆரம்பித்து, ஆறு, கடல், மேகம் என்று சுற்றி, ‘மழையே வா’ என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தோடு இறங்கியிருந்தால் எங்கள் மானம் பிழைத்திருக்கும். கடைசி ‘வா’வைப் பிடித்துக்கொண்டு மறுபடி ‘வா மழையே’ என்று தொடங்கிவிட்டார்.

இரண்டாவது சுற்றிலும் தட்டினார்கள். மூன்றாவதில் சிரித்தார்கள். அடுத்து தம்போலா விளையாட்டு, எண் அட்டையும் கையுமாக ஜனம் காத்திருந்தது. தலைவர் மணியடித்தார். அப்பா அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மேகத்துக்குப் போனார். ‘வா’ வரும்போதெல்லாம் கோயில் கேட்டைப் பார்த்தார். வரி மறந்துபோய் முழிக்கிறார் என்றே நினைத்தேன்.

“இன்னாடி, உங்க நைனா சுத்திக்கினே கீறாரு?” என்றாள் பக்கத்தில் இருந்த என் வகுப்புக்காரி.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாற்காலியில் சரிந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். இந்தக் கூத்து மாமா காதுக்குப் போகாமலா இருக்கும்? அம்மா இனி இந்த மனுஷனிடம் திரும்பி வரவே மாட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன். சட்டையைப் பிடித்து இழுத்தாவது யாரேனும் அவரை இறக்கிவிட மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“போதுங்க, எறங்குங்க. தொண்ட கட்டிக்கும்.”

துணிப்பையோடு அம்மா மேடைக்குக் கீழே நின்றிருந்தாள். அப்பா கடலில் இருந்தார். அங்கேயே நிறுத்திவிட்டு, மைக்கிடம் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் இறங்கி, அவள் பையை வாங்கிக்கொண்டார். கூட்டம் விசிலடித்தது. மேடையில் ஒருத்தர் போதாதென்று கீழே இன்னொருத்தரா என்று கூசிப்போனேன்.

ஸ்கூட்டரில் அவர்கள் இருவருக்கும் நடுவே நான் நெருக்கிக்கொண்டு உட்கார, வீடு போனோம். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தேன். ஒரு தூறல் விழுந்தாலே எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். இந்த மனுஷன் எதற்காக மழையைப் போய் இத்தனை தடவை கூப்பிட்டார் என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.