பூனைக்குக் கட்டிய கோயில் கயிறு

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடியின் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மஞ்சள் பூனை இருந்தது. காலையில் நெத்திலி பிசைந்த சோறு வைப்பேன். தின்றுவிட்டு என் காலைச் சுற்றும். போகிற வருகிறவர் எல்லோர் காலையும்தான் சுற்றும். யாராவது கேட்டால், "நம்ம பூனை இல்ல, சும்மா வருது" என்று நழுவிவிடுவேன். வீட்டில் பூனை கூடாது என்று வீட்டு ஓனர் முதல் நாளே சொல்லியிருந்தார். நானோ பயந்த சுபாவம்.

ஒரு திங்கட்கிழமை லிஃப்ட் அருகே அறிவிப்பு ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஆட்கள் வருவார்கள், கழுத்தில் பட்டை இல்லாத பூனைகளைப் பிடித்துப் போவார்கள். இது ஓடி ஒளிகிற பூனை இல்லையே. வலையோடு வருகிறவன் காலையும் போய் உரசும்.

கடையில் பட்டை வாங்கியிருக்கலாம். வாங்கினால் என் பூனை என்றாகிவிடும், ஓனர் காதுக்கும் போய்விடும். அந்தக் கோழைத்தனத்தில்தான் புத்தி கோணலாகப் போனது. செவ்வாய்க்கிழமை கோயிலில் என் கையில் கயிறு கட்டிய ஐயரிடம் இன்னொன்று கேட்டேன்.

"யாருக்கும்மா?"

"வீட்ல ஒரு சின்னப் புள்ளைக்கு, சாமி."

பொய் சொல்லி வாங்கிவிட்டேன். வந்து பூனையின் கழுத்தில் அந்தச் சிவப்புக் கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். பார்க்கிறவர்கள் யாரோ வளர்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். யார் என்று தெரியாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை அது சோற்றுக்கு வரவில்லை. வியாழன் காலையும் வரவில்லை. கயிறு எதிலாவது மாட்டியிருக்குமோ என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. ஒவ்வொரு காருக்கு அடியிலும் அது செத்துக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே குனிந்தேன்.

குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால், லோங்காங் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. சொறியும்போது முன்காலைக் கயிற்றுக்குள் விட்டிருக்கிறது. எடுக்கத் தெரியாமல் இழுத்து இழுத்து, கயிறு கழுத்தை அறுத்திருந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்க் கத்தரிக்கோலோடு வந்தேன். வந்தும் கை நின்றது. கோயில் கயிற்றை வெட்டக் கூடாது, தானாக அறுந்து விழ வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கை. ஒரு மூச்சு நேரம்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பு.

வெட்டினேன். அது மூச்சை இழுத்து விட்டு, கயிறு கட்டிய என் மணிக்கட்டை நக்கியது. வீட்டுக்குள் கொண்டுபோக அப்போதும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை லோரி வந்தபோது, அதை மடியில் வைத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மேல்மாடியிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். வலையோடு வந்தவர் தமிழர்.

"ஆன்டி, கழுத்துல ஒன்னும் இல்லையே. யாரு பூனை?"

"என் பூனை." எல்லோருக்கும் கேட்டது.

அவர் குனிந்து, முடி உதிர்ந்து சிவந்திருந்த வளையத்தைப் பார்த்தார்.

"ஒங்க பூனையா? இப்படியா ஆன்டி கட்டுவீங்க? செத்துப் போயிருக்கும் லா."

பூனை இறங்கி அவர் காலை உரசப் பார்த்தது. பயத்தில் இறுக்கிப் பிடித்தேன். கழுத்தின் காயம் நினைவுக்கு வர, பிடியைத் தளர்த்தினேன்.